ஆம்பாசிட்டிக்குத் தமிழ்: தாங்களவா, மின்பொறையா?

அன்பர்களுக்கு வணக்கம். ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் வகுப்புக்கான ஒயரிங் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உறை கெடாமல் ஒரு ஒயர் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் சுமக்கும் என்ற அட்டவணைக்குத் தலைப்பு வேண்டும். ஆங்கிலத்தில் ஆம்பியரையும் கெபாசிட்டியையும் ஒட்டி ஆம்பாசிட்டி என்கிறார்கள். இப்போதைக்கு 'மின்னோட்டத் திறன்' என்று போட்டிருக்கிறேன்.

———

'திறன்' வேண்டாம் ஐயா. பாடநூலில் திறன் என்றால் வாட், பையன்கள் குழம்புவார்கள். 'கொள்ளளவு'ம் ஆகாது. குடத்துக்குக் கொள்ளளவு ஒன்றுதான், ஒயருக்கு அப்படியில்லை. 2.5 சதுர மி.மீ. செம்பு, பி.வி.சி. உறை, சுவர்மேல் குழாய்: 30 டிகிரியில் 24 ஆம்பியர். சுற்றுவெப்பம் 40 என்றால் 0.87ஆல் பெருக்கணும். அதே குழாயில் மூன்று சர்க்யூட் போனால் இன்னொரு 0.70. மிஞ்சுவது 14.6. அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டி முழுச்சுமை ஏற்றினால் எம்.சி.பி. விழாது, உறைதான் 70 டிகிரியைத் தாண்டி, நாளடைவில் இறுகி வெடிக்கும்.

———

அப்படியானால் மின்பொறை. சுமையும் பொறை, தாங்குவதும் பொறை. மயிற்பீலிதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் அச்சு முறியாதா? மூன்று சர்க்யூட் கதையும் அதுதான்.

———

> மின்பொறை

தொல்காப்பிய விதிப்படி 'மின்' தொழிற்பெயர்போல உகரம் பெறும். மின் + கடிது = மின்னுக்கடிது. எனவே மின்னுப்பொறை.

———

முதலில் மின்கம்பத்தை மின்னுக்கம்பம் ஆக்கிவிட்டு வாருங்கள். வகுப்பில் பொறை என்றால் டீக்கடைப் பொறைதான் நினைவுக்கு வரும்.

பொருளும் பொருந்தவில்லை. பொறுப்பது உலோகம் அல்ல, உறை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், பி.வி.சி.க்கு 70தான் எல்லை. என் வாக்கு 'தாங்களவு'.

அலுமினியப் பத்தியையும் ஒருமுறை சரிபாருங்கள். கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம் என்று 24ஐ நேரே 0.61ஆல் பெருக்கிவிடுகிறார்கள். வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியாக ஏறுவதால் வர்க்கமூலம் எடுக்கணும்: 0.78. அட்டவணையின் 18.5 ஆம்பியர் அதை ஒட்டியே வருகிறது. செம்பு 2.5க்குப் பதில் அலுமினியம் போட்டால் 4 சதுர மி.மீ.

———

தாங்களவு நல்ல சொல்தான். ஆனால் முதல் பார்வைக்குத் 'தாங்கள்' என்றே படிக்கிறது.

———

அலுமினியப் பத்தியைத் திருத்திவிட்டேன், நன்றி. தாங்களவுக்கு மூவர், மின்பொறைக்கு ஒருவர், மின்னுப்பொறைக்கும் ஒருவர். தலைப்பில் 'தாங்கும் அளவு (ஆம்பியர்)' என்று பிரித்தே போடுகிறேன்.

———

பிரித்துப் போட்டால் அது விளக்கம், கலைச்சொல் அல்ல. மின்பொறை அடிக்குறிப்பிலாவது இருக்கட்டும்.