சர்வீஸ் முடிந்த அதே வாரம் ஆயில் முழுக்கக் கொட்டி எஞ்சின் தட்டுகிறது, ஒர்க்‌ஷாப் கைவிரிக்கிறது

நிழற்சாலை:

வணக்கம். பெட்ரோல் கார், ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. இதுவரை எஞ்சின் பக்கம் எந்தத் தொல்லையும் வந்ததில்லை. வழக்கம்போல சர்வீஸுக்கு விட்டேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், பிரேக் பார்த்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடியது. அதே வாரம் ஒரு நாள் காலையில் கிளப்பிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், சிவப்பு ஆயில் லைட் எரிந்தது, ஓரங்கட்டி அணைப்பதற்குள் கீழேயிருந்து டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் வந்த வழியெல்லாம் ஆயில் கோடு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) உருவினால் நுனியில்கூட ஒட்டவில்லை.

டோ வண்டி வைத்து வீட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் செய்தபோது முதலில் "அப்படியா சார், கொண்டு வாங்க, பார்த்துடலாம்" என்றார்கள். மாலைக்குள் பேச்சு மாறிவிட்டது. "எஞ்சின் பழசு சார், எப்படியும் போக வேண்டியதுதான், நம்ம வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. விட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பார்த்துச் சொல்றோம், பிரிக்கிற கூலி மட்டும் உங்களது" என்கிறார் சூப்பர்வைசர். என் இன்ஷூரன்ஸில் கேட்டால் விபத்து, திருட்டு என்றால்தான், எஞ்சின் கோளாறு வராது என்று முடித்துவிட்டார்கள்.

வண்டியை அவர்களிடமே அனுப்பலாமா, இல்லை வேறு மெக்கானிக்கை வைத்துச் சரிசெய்துவிட்டு பில்லை அவர்களிடம் நீட்டலாமா? என்னிடம் இருக்கும் பில்லில் ஜெனரல் சர்வீஸ் என்று ஒரு வரி, ஆயில் ஃபில்டர் என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

கிரீஸ் கை:

முதல் வேலை, சாவியை எடுத்து உள்ளே வையுங்கள். ஆயில் ஊற்றி ஒரு தடவை கிளப்பிப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள், சொந்தக்காரர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார், கேட்காதீர்கள். தட்டும் சத்தம் வந்துவிட்டது என்றால் பேரிங் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது, இனி ஒவ்வொரு நிமிடம் ஓடுவதும் அந்தப் பேரிங்கில் சுழலும் கிராங்கை, அதாவது பிஸ்டன்கள் சுற்றும் தண்டைச் சுரண்டும், அப்புறம் "நீங்கள் ஓட்டித்தான் கெடுத்தீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு வசதியாகப் போய்விடும்.

இரண்டாவது, அந்த ஃபில்டரில் யாரும் கை வைக்கக் கூடாது, உங்கள் நம்பிக்கையான மெக்கானிக் உட்பட. ஏன் என்று சொல்கிறேன். திருகி மாட்டும் வகை ஃபில்டர் என்றால் அதன் வாயில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அந்த வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அங்கே வெளிச்சம் இருக்காது, எல்லாம் ஆயில் பூசிக் கறுப்பாக இருக்கும், விரலை வைத்து ஒரு சுற்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். அவசரத்தில் தடவாமல் புது ஃபில்டரை அதன் மேலேயே திருகிவிட்டால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். உடனே ஒழுகாது, அதுதான் இதில் உள்ள வம்பு. சில நாள் தாங்கும். ஒரு நாள் காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கிளப்பினால் அழுத்தம் ஏறும், ஒரு பக்கமாக வளையம் பிதுங்கி வெளியே வரும், சின்ன எஞ்சினில் இருக்கிற மூன்று நான்கு லிட்டரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோட்டுக்குப் போய்விடும். நீங்கள் சொல்கிற கதை அப்படியே இதோடு பொருந்துகிறது.

ஆனால் பொருந்துகிறது என்பது சாட்சி ஆகாது. எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிதான் சம்ப், ஆயிலை வடிக்கக் கழற்றும் அதன் போல்ட்டாகவும் இருக்கலாம். காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி அலுமினிய சம்ப்பின் மரையைக் கெடுத்திருப்பார்கள். பல கார்களில் அந்தப் போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முடுக்கு போதும், துப்பாக்கிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மரை போயிருந்தால் போல்ட்டைக் கழற்றும்போது பள்ளத்தில் அலுமினியத் துருவல் சுருள்சுருளாக ஒட்டியிருக்கும். எதிலிருந்து ஒழுகியது என்று பார்க்க ஒரு வழி: ஆயில் கீழே வழியும், ஓடும் வண்டியில் காற்று பின்னால் தள்ளும், ஆகவே நனைந்த இடங்களிலேயே உயரமாகவும் முன்னாலும் இருப்பது எது என்று பாருங்கள், மூலம் அங்கேதான். இதனால்தான் அடிப்பாகத்தைக் கழுவக் கூடாது. டார்ச் அடித்து இப்போதே படம் எடுத்துவிடுங்கள்.

கீழ்வானம்:

ஆன்லைனில் ஒரு ரிவியூ போட்டு மானத்தை வாங்குங்கள் சார், ஓடி வருவார்கள்.

பட்டறைக்காரன்:

நான் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன், அதனால் திட்ட வேண்டும் என்றால் திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

சர்வீஸுக்கு அப்புறம் வந்த பழுதெல்லாம் சர்வீஸால் வந்த பழுது இல்லை. ஆயில் மாற்றிவிட்டுப் போனவர் மறுநாள் ஏசி வேலை செய்யவில்லை என்று வந்து நிற்பார், எங்களுக்கு இது வாடிக்கை. அதனால் "உங்களிடம் விட்ட பிறகுதான் இப்படி ஆச்சு" என்று மட்டும் சொன்னால் எந்த ஒர்க்‌ஷாப்பும் அசையாது, மூன்றாவது மனிதர் யாராவது விசாரித்தாலும் அது மட்டும் எடுபடாது. கை வைத்த இடமும் கெட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது ஒன்றாக இருக்கும் போலத்தான் தெரிகிறது. கழற்றி மாட்டிய ஃபில்டர், அதன் வழியாகவே ஆயில் போயிருந்தால், எஞ்சின் பழசா புதுசா என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

நீங்கள் கேட்ட இரண்டு வழியுமே எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களிடம் தனியாக விட்டால் ஃபில்டர் மாட்டியிருந்த கோலம் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, பிரித்த எஞ்சினைத் திரும்ப ஒட்ட முடியாது. அவர்களைக் கூப்பிடாமல் வேறு இடத்தில் பிரித்துச் சரிசெய்து பில்லை நீட்டினால், "எங்களைப் பார்க்கவே விடவில்லை, இவர்களே மாட்டிவிட்டுப் பழி போடுகிறார்கள்" என்பார்கள், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். வண்டி இப்போது நிற்கிற இடத்திலேயே, இரண்டு பக்கமும் சேராத ஒரு மெக்கானிக்கை வைத்து, அவர்கள் ஆளும் நிற்க, ஃபில்டரைக் கழற்றுங்கள். நாளும் நேரமும் குறித்து எழுத்தில் அழைப்பு அனுப்புங்கள், மெயில் அல்லது வாட்ஸ்அப், எது ஆதாரமாக நிற்குமோ அது. வராவிட்டால் அழைத்தும் வரவில்லை என்பது பதிவாகிவிடும். எங்கே முறையிட்டாலும் பெரும்பாலும், எதிர்த்தரப்புக்குப் பார்க்கவும் சரிசெய்யவும் நியாயமான வாய்ப்பு கொடுத்தீர்களா என்பதைக் கேட்பார்கள்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று. நிறைய ஒர்க்‌ஷாப்புகள் தங்கள் வேலையால் வாடிக்கையாளர் வண்டிக்குச் சேதம் வந்தால் ஈடுகட்ட ஒரு பாலிசி வைத்திருப்பார்கள். அந்தப் பாலிசிகளில் கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை இருப்பது சகஜம். சூப்பர்வைசர் காலையில் ஒன்று மாலையில் ஒன்று பேசியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவர் வாயிலிருந்து "எங்கள் தப்புதான்" என்று வரவழைக்கப் போராடாதீர்கள், வீண். "உங்கள் இன்ஷூரன்ஸுக்குத் தெரிவித்துவிட்டீர்களா, எப்போது தெரிவிப்பீர்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். சூப்பர்வைசரிடம் அல்ல, முதலாளியிடம்.

கீழ்வானம் சொன்ன ரிவியூ கடைசி ஆயுதம். முதலிலேயே போட்டுவிட்டால் அவர்களுக்கு இழக்க ஒன்றும் இருக்காது. போடுவதானாலும் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், "திருட்டுப் பயல்கள்" என்று எழுதினால் உங்கள் மேலேயே வழக்குப் போடலாம்.

கிரீஸ் கை:

பட்டறைக்காரன் அண்ணன் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஒன்று சேர்க்கிறேன். கழற்றும்போது வீடியோவை இடையில் நிறுத்தாமல் எடுங்கள். நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, ஓடிய கிலோமீட்டரைக் காட்டி, அப்படியே அடியில் போய், ஃபில்டர் கைக்கு வரும் வரை ஒரே ஓட்டம். வளையம் இரண்டு என்றால் ஒன்று ஃபில்டரிலும் ஒன்று எஞ்சினிலும் இருக்கலாம், இரண்டும் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும். ஸ்கேனர் இருந்தால் மாட்டி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படித்துப் படம் எடுங்கள், அழிக்க வேண்டாம். சில வண்டிகளில் பழுது பதிவான நேரத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன என்பதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும், லைட் எரிந்தும் நீங்கள் ஓட்டிக்கொண்டே போனீர்கள் என்று யாராவது கதை கட்டினால் அது உதவும். ஆயில் லைட் என்பது அளவைக் காட்டுவது அல்ல, அழுத்தம் விழுந்தால்தான் எரியும். அது எரியும்போதே பாதிக் கெடுதல் நடந்து முடிந்திருக்கும், நீங்கள் அணைத்த வேகத்துக்கு அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

சாலையோர மரம்:

எனக்கு நடந்தது வேறு மாதிரி, ஆனாலும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். டயர் மாற்றக் கொடுத்த வண்டியில் கதவுக்குக் கீழே இருக்கும் தகட்டு விளிம்பு நசுங்கி வந்தது. லிஃப்டின் கையை ஜாக்கி வைக்கும் இடத்தில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார்கள். "ஏற்கெனவே இருந்திருக்கும் சார்" என்றார்கள், எல்லா இடத்திலும் இதே வசனம்தான். நசுங்கிய இடத்தில் லிஃப்ட் ரப்பரின் கட்டம் கட்டமான அச்சு அப்படியே பதிந்திருந்தது, பெயின்ட் உரிந்த இடத்தில் தகடு பளபளவென்று இருந்தது, துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. பழைய அடி என்றால் இந்நேரம் பழுப்பேறியிருக்க வேண்டாமா என்று அவர்கள் மெக்கானிக்கிடமே கேட்டேன், அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி பேச்சை மாற்றினார். தகட்டை நிமிர்த்திப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். மின்சார வண்டிக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அடியில் முழுக்க பேட்டரி, தப்பான இடத்தில் தூக்கினால் தகட்டோடு போகாது. இப்போதெல்லாம் சாவி கொடுக்கும்போதே நான்கு மூலையும், விளிம்பும், டேஷ்போர்டும் படம் எடுத்துவிடுகிறேன், அவர்கள் பார்க்கும்படியாகவே. டேஷ்கேமையும் அணைப்பதில்லை, யார் டெஸ்ட் டிரைவ் என்ற பேரில் எங்கே போனார்கள் என்று தெரியும்.

நிழற்சாலை:

எல்லோருக்கும் நன்றி. அழைப்பு அனுப்பினேன், முதல் தடவை வரவில்லை, மறுபடி முதலாளிக்கே எழுதியபிறகு சூப்பர்வைசரும் ஒரு மெக்கானிக்கும் வந்தார்கள். ஃபில்டரைக் கழற்றியதும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. புது வளையம் ஃபில்டரில், பழையது எஞ்சினில், ஒரு பக்கம் நாக்கு மாதிரி பிதுங்கி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார், "முதலாளியிடம் பேசுகிறேன்" என்று மட்டும் சொன்னார்.

இன்று முதலாளி கூப்பிட்டார். குரலே மாறிவிட்டது. எஞ்சினை இறக்கிப் பேரிங் மாற்றித் தருகிறார்களாம், கூலி அவர்களது, சாமான் செலவு என்னுடையது, "பாதிப் பாதி நியாயம்தானே" என்கிறார். இதோடு பிரச்சினை முடிந்தது, இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வேண்டுமாம். வாங்கிக்கொள்ளலாமா?

பட்டறைக்காரன்:

இது எந்த ஊர் பாதி? காரணம் முழுக்க அவர்களுடையது என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. நீங்கள் கேட்க வேண்டியது, வண்டி சர்வீஸுக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்குத் திரும்ப வர வேண்டும் என்பதுதான். அதில் சாமான், கூலி, புது ஆயில், டோ செலவு, வண்டி இல்லாத நாட்களுக்கு நீங்கள் போய்வந்த செலவு எல்லாம் அடங்கும், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் பேச நியாயம் இருக்கிறது. லட்சம் ஓடிய எஞ்சினுக்குப் பதில் புத்தம்புது எஞ்சின் கேட்டால், தேய்மானத்தைக் கழித்துக்கொள்கிறேன் என்பார்கள், அது செல்லும். அதே அளவு ஓடிய நல்ல எஞ்சின், அல்லது முறையாகப் பிரித்துச் செய்த ரிப்பேர், இரண்டில் ஒன்று கேளுங்கள்.

தாளில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். என்ன வேலை, என்னென்ன சாமான், எவ்வளவு காலத்துக்கு அவர்கள் பொறுப்பு என்பது அந்தத் தாளிலேயே இருக்கட்டும், வண்டி கைக்கு வந்து ஓட்டிப் பார்த்தபிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். வண்டியை எடுக்க ஏதாவது பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன் என்று பில்லிலேயே எழுதிவிட்டுக் கட்டுங்கள்.

கிரீஸ் கை:

பேரிங் மட்டும் மாற்றுகிறேன் என்று சொன்னதே எனக்கு உறுத்துகிறது. சம்ப்பை இறக்கியதும் அடியில் தங்கியிருக்கும் தூளைப் பாருங்கள், மினுமினுப்பாக இருந்தால் பேரிங் உலோகம். கிராங்கில் பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் குறுக்கே வருடுங்கள், நகம் மாட்டினால் புதுப் பேரிங் போட்டுப் பிரயோஜனம் இல்லை, கிராங்கை லேத்துக்கு அனுப்பிக் கடைந்து அதற்கேற்ற அளவில் பேரிங் போட வேண்டும், அல்லது கிராங்கையே மாற்ற வேண்டும். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் உட்காரும் இடங்களையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலும் தனிப் பேரிங் கிடையாது, ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராக ஓடும், கீறியிருந்தால் ஹெட்டும் சேர்ந்து கணக்கில் வரும். டர்போ இருந்தால் அதுவும். ஆயில் போகும் வழிகளைக் கழுவி ஊதாமல் மாட்டினால் அந்தத் தூள் புதுப் பேரிங்கையும் தின்றுவிடும், இதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரு கேள்வி, அந்த ஃபில்டரையும் வளையத்தையும் அவர்களிடம் கொடுத்துவிடவில்லையே?

நிழற்சாலை:

கேட்டார்கள். கொடுக்கவில்லை. பாலிதீன் கவரில் போட்டு, தேதி எழுதி, வந்திருந்த மெக்கானிக்கிடம் கவர் மேல் கையெழுத்தும் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். டர்போ இல்லை. கேம்ஷாஃப்ட் விஷயத்தையும் சேர்த்து இன்று இரவே முதலாளிக்கு எழுதிவிடுகிறேன், அவர் தாள் அப்படியே இருக்கட்டும்.