மாணவ ஆசிரியரின் மதிப்பிடும் திறனை எப்படிச் சோதிப்பது?

வைகைக்கரை:
பி.எட். வேதியியல் கற்பித்தல் தாளில், "ப்ளூம் வகைப்பாட்டில் மதிப்பிடுதல் எத்தனையாவது நிலை?" என்று கேட்கிறோம். கற்றல் திறன்களை எளியதிலிருந்து கடினமானதுவரை அடுக்கும் பட்டியல் அது. 1956 பட்டியலில் ஆறாவது, 2001 திருத்தத்தில் ஐந்தாவது. இதை மனப்பாடம் செய்தவருக்கு மதிப்பிடத் தெரியும் என்று எப்படி நம்புவது? பள்ளி மாணவர் ஒருவரின் ஆய்வுக் குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, குறை நிறைகளைக் காரணத்தோடு எழுதச் சொல்ல வேண்டும்.

ஆய்வுமேசை:
எழுதச் சொல்லலாம் ஐயா, திருத்துவது யார்? ஒரே விடைக்கு ஒருவர் எட்டு போடுவார், இன்னொருவர் நான்கு போடுவார். மொழிநடை நன்றாக இருப்பவருக்கு மதிப்பெண் கூடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாவில் இந்த அநீதி இல்லை. நீங்கள் காட்டியது மோசமான வினா, அவ்வளவுதான்.

வைகைக்கரை:
நான் கொடுக்கும் குறிப்பேட்டைப் பாருங்கள். அசிட்டிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தால் தரம்பார்த்த, அதாவது காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தின் செறிவை அளந்த மாணவர், முடிவை நிறமாற்றத்தால் காட்டும் நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தியிருக்கிறார். மூன்று அளவீடுகளும் ஒன்றுபோல இருக்கின்றன, கணக்கிலும் பிழையில்லை. மாணவ ஆசிரியர்கள் பலர் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1க்கும் 4.4க்கும் இடையில் நிறம் மாறிவிடும். அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அப்போது நடுநிலையாகியிருக்காது. அமிலம் முழுவதும் நடுநிலையாகும் சமான நிலையோ பிஎச் 8.7 அளவில் இருக்கிறது. அங்கே பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டிதான் பொருந்தும். கணக்கை மட்டும் சரிபார்ப்பவர் யார், சோதனையையே எடைபோடுபவர் யார் என்பது இதில் தெரிந்துவிடும்.

ஆய்வுமேசை:
இதையே நான்கு விடைகளோடு கேட்கலாமே!

குன்றிமணி:
நான் இப்போது பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தத் தரம்பார்த்தலில் மெத்தில் ஆரஞ்சின் நிறம் சட்டென்று மாறாது, மெல்ல மெல்லத்தான் மாறும். அப்படியிருக்க மூன்று அளவீடுகள் எப்படி அச்சாக ஒன்றாக வரும்? மாணவர் காரத்தின் அளவைக் காட்டும் பியூரெட் குழாயைப் பார்க்காமல் எண்ணை எழுதியிருக்கலாம். நான் முதலில் எழுதுவது இதைத்தான். நான்கு விடைகளுக்குள் இதற்கு இடம் இருக்குமா ஐயா?

ஆய்வுமேசை:
அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. என் பயமும் அதுதான். விடைக்குறிப்பில் நிறங்காட்டி மட்டும் இருந்தால், இதற்குச் சுழியம் போடும் தேர்வாளரும் இருக்கிறார். தீர்ப்பு ஒரு வினா, அதற்கான காரணம் இன்னொரு வினா என்று ஈரடுக்காக அமைத்தால், திருத்துபவரின் மனநிலையை மாணவ ஆசிரியர் நம்பியிருக்க வேண்டாம்.

வைகைக்கரை:
காரணங்களை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் அவர் தாமாகத் தேட வேண்டியது என்ன மிச்சம்? வகுப்பறையில் மாணவரின் ஏடு அவரிடம் காரணப் பட்டியலோடு வராது. இந்த அம்மா எழுதியதைப் போன்ற விடைகளை முன்னோட்டத் தேர்வில் திரட்டி விடைக்குறிப்பில் சேருங்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தட்டும்.

ஆய்வுமேசை:
ஒருவருக்கே ஆள் கிடைக்காத கல்லூரிகளில் இரண்டாமவருக்கு எங்கே போவது? அதற்கு வழி சொல்லுங்கள், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.