நாலு பக்கமும் வேற வேற அளவு, மனை எத்தனை சதுரடி?

மனைதேடி: அவசரம். மனை அளவு 40, 60, 30, 50 அடி. தரகர் 1,925 சதுரடிங்கிறார். பத்திரத்துல நாலேகால் சென்ட். எது சரி? நாளைக்கு அட்வான்ஸ்.

வரப்பு: எது எந்தப் பக்கம்? பத்திரத்துல கிழமேல், தென்வடல்னு பிரிச்சு எழுதியிருப்பாங்க, அதை அப்படியே போடுங்க. குறுக்களவு, அதாவது மூலைக்கு எதிர்மூலை, எடுத்தீங்களா?

மனைதேடி: கிழமேல் வடபுறம் 30, தென்புறம் 40. தென்வடல் கீழ்புறம் (கிழக்கு) 60, மேல்புறம் (மேற்கு) 50. நாலு பக்கமும் இருக்கே, குறுக்கு எதுக்கு?

கோணமானி: ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. நாலு பக்கம் மட்டும் வச்சா உருவம் நிக்காது, சாயும். இதே பக்கங்களுக்குத் தென்மேற்கு–வடகிழக்கு குறுக்கு 70 அடின்னா 1,847 சதுரடி, 75 அடின்னா 1,698. உங்க தரகர் எதிரெதிர் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கி 35 × 55 போட்டிருக்கார். நாலு மூலையும் செங்கோணமா இருந்தாத்தான் அது சரி. இல்லேன்னா எப்பவும் கூடத்தான் காட்டும்.

நூல்கயிறு: வடக்கும் தெற்கும் இணைன்னு வச்சுச் சரிவகமா போட்டா முடிஞ்சுதே?

வரப்பு: இந்த அளவுக்குச் சரிவகம் வராதுங்க. 40ல 30 போனா 10. பக்கம் 10, 50, 60ன்னு முக்கோணம் போட்டுப் பாருங்க, ஒரே கோடாப் படுத்துடும், உயரம் பூஜ்யம். கிழக்கு மேற்கை இணையா வச்சாலும் அதே கதி.

சுழியம்: பிரம்மகுப்தர் வாய்ப்பாடு இருக்கு. சுற்றளவுல பாதி 90. அதுல ஒவ்வொரு பக்கமா கழிச்சுப் பெருக்கினா √(50×30×60×40) = 1,897. இதான் விடை.

கோணமானி: மூலை நாலும் ஒரே வட்டத்துல உட்கார்ந்தாத்தான் அது விடை. இங்கே அது உச்சவரம்பு மட்டும். ஆனா அதுவே போதும், இந்த நாலு பக்கத்துக்குள்ள 1,925 அடங்கவே அடங்காது.

மனைதேடி: குறுக்கு 69.6

வரப்பு: 69 அடி 6 அங்குலம்தானே? அப்போ 69.5னு போடணும். குறுக்கு மனையை ரெண்டு முக்கோணமாப் பிரிக்குது. 40, 60, 69.5 முக்கோணத்துக்கு அரைச்சுற்றளவு 84.75, √(84.75×44.75×24.75×15.25) = 1,196.4. இதே மாதிரி 30, 50, 69.5க்கு 659.3. மொத்தம் 1,855.7, அதாவது 4.26 சென்ட். பத்திரம் சரியாத்தான் இருக்கு. டேப் சரியா பிடிச்சீங்களான்னு பார்க்க இன்னொரு குறுக்கையும் எடுங்க, 59 அடி 4 அங்குலம் வரணும். டேப் தொய்யக்கூடாது, செடியைச் சுத்திப் போகக்கூடாது. மேடு பள்ளம் இருந்தா மட்டமாப் பிடிங்க. தனி உட்பிரிவு ஆன மனைன்னா எஃப்எம்பி (சர்வே நில அளவுப் புத்தகம்) படத்தோட ஒத்துப் பாருங்க. அதுல மீட்டர்ல இருக்கும், 3.281ஆல பெருக்கணும்.

நூல்கயிறு: சென்ட்டுக்கு 436 சதுரடி. நாலேகாலுக்கு 1,853.

சுழியம்: 435.6. ஏக்கர் 43,560, அதுல நூத்துல ஒண்ணு.

நூல்கயிறு: எங்க பக்கம் பத்திரத்துலயே 436னுதான் எழுதுறாங்க.

சுழியம்: எழுதட்டும். மனைக்கு ரெண்டு சதுரடிகூட வித்தியாசம் வராது. ஒரு ஏக்கரை 436 வச்சுப் பிரிச்சு வித்தா கடைசி மனையில 40 சதுரடி துண்டு விழும்.

மனைதேடி: இன்னொரு குறுக்கு 59 அடி 5 அங்குலம். 1,855க்கு விலை பேசியாச்சு. நன்றி.

நூல்கயிறு: 40 சதுரடி எல்லாம் ரோட்டுல போயிடும் சார்.