அப்பாவுக்கு ஒரு குடும்பப் பெயர், மகனுக்கு வேறு: டச்சுப் பண்ணைக் குடும்பத்தைத் தேடுவது எப்படி?

ஆயர் ஈத்தாம்வாசி:
வணக்கம். என் கணவரின் முன்னோர் நெதர்லாந்து ஹெல்டர்லாண்ட் மாநிலத்தில், ஆல்டன் பக்கம் விவசாயம் செய்தவர்கள். டச்சுக் குடும்பப் பதிவுகளைத் தேடும் 'வீவாஸ்வீ' தளத்தில் அவர்களில் ஒருவரின் 1871 இறப்புப் பதிவு கிடைத்தது, வயது 66. ஆனால் அவருடைய தகப்பனாருக்கு வேறு குடும்பப் பெயர். 1805 பிறப்புப் பதிவும் சிக்கவில்லை. ஆளே மாறிவிட்டதா?

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
1805-இல் அங்கே அரசுப் பிறப்புப் பதிவு ஏது? அது 1811-இல், நெப்போலியன் காலத்தில் வந்தது. அதற்கு முன் தேவாலய ஞானஸ்நானப் புத்தகம்தான். 66 என்பதையும் அப்படியே நம்பாதீங்க. இறப்பைச் சொல்லப் போனது பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைக்காரர், வயது குத்துமதிப்பு. 1802 முதல் 1808 வரை, பக்கத்து ஊர்த் தேவாலயங்களிலும் பாருங்க.

தாமான் மேலாத்தி:
பெயர் மாறினது தப்பில்லை லா. அந்தக் காலத்தில் அந்தக் கிழக்கு வட்டாரத்தில் பண்ணையின் பெயர்தான் குடும்பப் பெயர். வீட்டோட மாப்பிள்ளையாகப் போனவர் மனைவி வீட்டுப் பண்ணைப் பெயரையே வைத்துக்கொள்வார். பண்ணை மாறினால் பெயரும் மாறும், ஆக அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. பதிவில் 'ஹெனாம்ட்' (எனப்படும்) என்ற சொல் வந்தால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்க. வடக்கே உள்ள ஃப்ரீஸ்லாந்து மாநிலம் என்றால் வேறு கணக்கு: அங்கே 1811 வரை நம்ம மலேசிய அடையாள அட்டையில் உள்ள ஏ/எல் (இன்னார் மகன்) மாதிரி தகப்பன் பெயர்தான்.

குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதற்பெயரோடு தாயார் பெயரைச் சேர்த்துத் தேடுங்க. பெண்கள் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிவாவார்கள். கணவர் பெயரில் தேடினால் நாள்தான் வீண்.

பிரிக்பீல்ட்ஸ்காரன்:
இன்னொன்று. அவர் திருமணம் 1811-க்குப் பிறகுதானே? அப்படியானால் திருமண இணைப்பு ஆவணங்களை ('ஹுவெலெய்க்ஸ்பெய்லாகன்') எடுங்க. மாப்பிள்ளை, பெண் இருவரின் பிறப்பு அல்லது ஞானஸ்நான நகல் அதில் இருக்கும். பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்பு நகலும் சேர்ந்திருக்கும், சம்மதம் கேட்க ஆளில்லை என்று காட்ட. பல ஊர்களின் ஆவணப் படங்கள் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் இலவசம், கணக்கு மட்டும் திறக்கணும். திருமணம் பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில் நடந்திருக்கும், அங்கே தேடுங்க.

ஆயர் ஈத்தாம்வாசி:
நன்றி. இறப்புப் பதிவின் படத்தைத் திறந்து பார்த்தேன், 'ஹெனாம்ட்' இருக்கிறது! தள அட்டவணையில் ஒரு பெயரை மட்டும் ஏற்றியிருக்கிறார்கள்.

தாமான் மேலாத்தி:
அதனால்தான் அட்டவணையோடு நிற்கக்கூடாது. கீழே வரும் தலைமுறைக்கு ஒரு தடை: பிறப்பு 100, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டு கழிந்தால்தான் பொதுப் பார்வைக்கு வரும்.