ஒடியல் கடையில் சோடாவும் சிகரெட்டும் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

ஒடியல்கடை அக்கா எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட சின்னக் கடை ஒன்று நடத்துகிறேன். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பனாட்டு (காயவைத்த பனம்பழக் களி), பனையோலைக் குட்டானில் வருகிற பனங்கட்டி, குரக்கன் மா, வீட்டில் வறுத்து இடிப்பிக்கிற மிளகாய்த்தூள். இவ்வளவுதான் சாமான். நல்லூர்த் திருவிழா நாட்களில் வெளிநாட்டுச் சனம் வந்தால் கடையில் நிற்க இடமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஆளே இல்லை.

கம்பஸ் பிள்ளைகள் போய் வருகிற ரோட்டில் இருந்துகொண்டு இதை மட்டும் விற்கிறாயா என்று வீட்டில் தினமும் பேச்சு. சோடா, பிஸ்கட், போன் ரீலோட், சிகரெட் எல்லாம் போடட்டாம். சோடா கொண்டு வருகிறவர் பிரிட்ஜும் தானே தருவதாகச் சொல்கிறார். கைக்காசு வேண்டாம், ஒரு மாதம் தள்ளித் திகதி போட்ட செக் போதுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொக்குவில் பொடியன்:

போடுங்கோ அக்கா. சோடா குடிக்க வருகிறவன் ஒரு பக்கெட் புழுக்கொடியலும் வாங்கிக்கொண்டு போவான்.

சுன்னாகம் பழைய கடை:

தங்கச்சி, நான் சுன்னாகம் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எல்லாச் சாமானும் விற்கிற ஆள்தான், ஆனாலும் உங்களுக்குச் சோடா வேண்டாம் என்றுதான் சொல்வேன். முக்கிய காரணம் அந்த செக்.

பனங்கட்டி எப்போதும் கிடைக்கிற சாமான் இல்லை. பனையிலிருந்து கருப்பநீர் (இனிப்பான பனஞ்சாறு) இறக்குகிற காலத்தில்தான் காய்ச்சுகிறார்கள். அப்போது கையில் காசு வைத்திருப்பவருக்கு நல்ல கட்டி கிடைக்கும். ஆடிப்பிறப்புக் கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் விற்பதுபோக, மாரிக்கும் தைப்பொங்கலுக்கும் வேண்டியதையும் அந்த நேரத்திலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். உங்கள் முதல் முழுவதும் அங்கே முடங்கும். அந்த மாதத்திலேயே சோடா செக்கின் திகதியும் வந்தால் என்ன செய்வீர்கள்? பாங்கில் காசு போட்டே ஆக வேண்டும். அப்போது கட்டி கொண்டு வந்த மனுசியிடம் ‘அடுத்த கிழமை வாருங்கோ’ என்பீர்கள். பனையேறிப் பிழைக்கிற வீட்டில் அடுத்த கிழமை என்ற கதை எடுபடாது, அவர் அடுத்த முறை கட்டியை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவார். பிறகு உங்களுக்குக் கிடைப்பது சீனி கலந்த கட்டிதான். சோடா பக்கத்துக் கடையிலும் உண்டு. நம்பி வாங்கக்கூடிய பனங்கட்டி எத்தனை கடையில் இருக்கிறது?

சோடாவில் இன்னொரு வில்லங்கம். குளிரூட்டியதற்கென்று போத்தலில் அடித்த விலைக்குமேல் பத்து, இருபது கூட வாங்குகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி குற்றம். கூட வாங்காவிட்டால், இப்போதைய கரண்ட் பில்லுக்கு அந்தப் பிரிட்ஜைக் கட்டி மேய்ப்பது கஷ்டம். பிரிட்ஜ் அவர்களுடையது, பில் உங்களுடையது.

சிகரெட் பற்றிப் பெரிதாகக் கதைக்க ஒன்றும் இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. கம்பஸ் பிள்ளைகளில் சிலருக்கு அந்த வயது வந்திருக்காது. வாசலில் நின்று அடையாள அட்டை பார்ப்பீர்களா? மா வாங்க வருகிற அம்மாமாருக்கும் அந்தப் புகைக்குள்ளால் உள்ளே வர மனம் வராது.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்துவிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். விலையை எழுதித் தொங்கவிடுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு ஒரு விலை, ஊர்க்காரருக்கு ஒரு விலை என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். திருவிழாக் காலத்தில் அந்த ஆசை வரும்.

ஒடியல்கடை அக்கா:

நன்றி அண்ணை. சிகரெட் கதை முடிந்தது. செக்கை நான் இந்தப் பக்கத்தால் யோசித்துப் பார்க்கவே இல்லை. ஆனால் மாரிக்கு என்ன செய்வது? மூன்று மாதம் வாடகை சும்மா போகிறதே.

இணுவில் கூழ்ப்பிரியை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் வாங்குகிற பக்கம். மழைக்காலத்தில் ஒடியல் மா விற்கவில்லை என்பதுதான் எனக்குப் புதினமாக இருக்கிறது. கூழ் குடிக்க அதைவிடத் தோதான காலம் எது? என் மருமகள் ஒடியல் மாவை அப்படியே கரைத்து ஊற்றிவிட்டு, வாயில் வைக்க முடியாத கைப்பு என்றாள். தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை ஊற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பக்கெட்டிலும் ஒரு எழுத்தும் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். நாலு பேருக்கு அளவான மா, பழப்புளி, செத்தல் மிளகாய் மூன்றையும் ஒரு பையில் போட்டு, செய்முறையை ஒரு துண்டில் எழுதி வையுங்கள். மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் அவர்கள் சந்தையில் பார்த்துக்கொள்வார்கள்.

கொக்குவில் பொடியன்:

இது நல்ல ஐடியா. ரூமில் இருக்கிற நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவோம். ஆனால் கொப்பியில் கடனாக எழுதிவிட்டு மாதம் முடியக் காசு தரலாமா அக்கா? :)

சுன்னாகம் பழைய கடை:

தம்பியின் கதை வெளியே வந்துவிட்டது! தங்கச்சி, கொப்பி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய கணக்கு தீராமல் புதுப் பக்கம் திறக்காதீர்கள். கொடுத்த சாமானை அவர்கள் கண்முன்னே எழுதுங்கள். கடன் நீண்டால் காசு மட்டும் இல்லை, ஆளும் வராது. வெட்கத்தில் மற்ற ரோட்டால் சுற்றிப் போவார்கள்.

ஒடியல்கடை அக்கா:

தம்பி, முதல் பை கைக்காசுக்குத்தான். :) அண்ணை, கடைசியாக ஒன்று. போன மாரியில் பனங்கட்டி இளகிக் குட்டானோடு ஒட்டிக்கொண்டது. பொலித்தீன் சுற்றி வைத்தும் சரிவரவில்லை.

சுன்னாகம் பழைய கடை:

பனங்கட்டி ஈரம் இழுக்கும். ஏற்கெனவே ஈரம் பிடித்ததைப் பொலித்தீனில் சுற்றினால் உள்ளேயே வியர்க்கும். நல்ல வெயில் நாளில், காய்ந்திருக்கிற கட்டியாகப் பார்த்து, இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் அடுக்குங்கள். டின்னை நிலத்தில் வைக்காமல் பலகைக்கு மேல் ஏற்றுங்கள். ஒரே பெரிய டின் வேண்டாம், நாலைந்து சின்னதாக எடுங்கள். ஒன்று முடியும்வரை மற்றதைத் திறக்கத் தேவையில்லை. இளகினதைத் தூக்கி எறியாதீர்கள். இளகினது என்றே சொல்லி, விலை குறைத்து, பலகாரம் சுடுகிறவர்களுக்குக் கொடுங்கள்.