வீட்டுச் சுவரில் ஓவியம் வரைய அனுமதி வாங்கணுமா?

அண்ணாச்சிமாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மேற்குச் சுவர் தெருவைப் பார்த்து வெறுமையாக நிற்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி சூழ்ந்த குறுக்குத்துறை முருகன் கோயிலை அதில் பெரிதாக வரைய ஆசை. பக்கத்து வீட்டு மாமாவோ, 'மாநகராட்சி அபராதம் போடும்' என்கிறார். (அவர் எதற்குத்தான் பயப்படவில்லை!)

திறந்தவெளிகளின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரங்களைத்தான் குறிவைக்கிறது என்று நினைக்கிறேன். சிக்கல் என்னவென்றால், பெயிண்ட் இலவசமாகத் தரும் கடைக்காரர் மூலையில் கடைப்பெயர் கேட்கிறார். பெயர் போட்டால் ஓவியமும் விளம்பரக் கணக்கில் சேர்ந்துவிடுமா? பாளை மண்டல அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது? இப்படி வரைந்தவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும்.