முதல்முதலாக எந்தத் தற்காப்புக் கலையில் சேர்ந்தீர்கள்? ராமநாதபுரம் கடலோரத்து ஆட்களின் அனுபவங்கள்

மண்டபம் பக்கத்திலிருந்து

32 வயதில் சிலம்பக் கம்பு பிடித்தவள் நான். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கராத்தேயா, சிலம்பமா, டேக்வாண்டோவா, எதில் சேரலாம் என்று தெரிந்த பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் என் கதையை முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பைக்கில் வந்த இருவர் என் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கி ஏதோ கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. எதிரே மீன் வண்டி ஒன்று வந்ததும் போய்விட்டார்கள். ஆனால் அந்த அரை நிமிஷம் என் கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு பயம் போய்விட்டது, கால் மரத்து நின்றது மட்டும் பல நாள் உறுத்தியது. யாரையும் அடித்துப் போட வேண்டும் என்றில்லை, பதறுகிற நேரத்தில் கால் அசைய வேண்டும் என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ராமநாதபுரம் டவுனில் ஒரு கராத்தே வகுப்பைப் பார்க்கப் போனேன். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்று, சத்தம் கொடுத்துக் குத்துவதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்குத்தான் சேர்ந்த ஒரு சின்னப் பெண் கடைசி வரிசையில் நின்றாள். முன்னால் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துக் கையை மாற்றி மாற்றி வைத்தாள். முடியும்வரை யாரும் அவள் பக்கம் போகவில்லை. மாதக் கட்டணம் எவ்வளவு, பெல்ட் பரீட்சைக்குத் தனியாக எவ்வளவு என்பதை மட்டும் அவள் அப்பாவிடம் விளக்கமாகச் சொன்னார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். கராத்தேயில் குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. அந்த வகுப்பில் எனக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு பள்ளி மைதானத்தில் டேக்வாண்டோ. அங்கே மாஸ்டர் நல்ல மனுஷர். "அக்கா, எங்களுக்கு உதைதான் பிரதானம். தலை உயரத்துக்குக் கால் போக வேண்டும். உங்கள் முழங்காலில் ஏற்கெனவே வலி இருக்கிறது என்கிறீர்கள். ஆறு மாதம் பொறுமையாக உடம்பை வளைத்தால் முடியும், அவசரப்பட்டால் முடியாது" என்று நேராகச் சொன்னார். அவர் வகுப்பு முடிய ஏழரை ஆகும், அதற்குப் பிறகு எனக்குப் பஸ் சரிவராது. இல்லாவிட்டால் அவரிடமே சேர்ந்திருப்பேன்.

மூன்றாவதாகத்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் கம்பு சொல்லித்தரும் வாத்தியாரிடம் போனேன். நான் பார்க்கப் போன அன்று ஒரு பையன் புதிதாக வந்திருந்தான். வாத்தியார் அவனைத் தன் பக்கத்திலேயே நிறுத்தி, மண்ணைத் தொட்டுக் கும்பிடச் சொல்லி, அவன் குதிகாலைத் தன் கையாலேயே பிடித்துத் திருப்பி வைத்தார். பெரிய பையன்கள் சுற்றுகிற கம்பு அவன் பக்கம் வராதபடி நடுவில் நின்றுகொண்டார். அதைப் பார்த்ததும் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

முதல் மூன்று வாரம் கம்பையே தரவில்லை. வெறும் காலடி. முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று. மணலில் கால் புதையும், எடுத்து வைக்க இரண்டு மடங்கு தெம்பு வேண்டும். கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிட்டது. சேர்ந்ததே தப்போ என்றுகூட ஒரு நாள் வீட்டில் சொல்லி அழுதேன். கம்பு கைக்கு வந்ததும் மணிக்கட்டு வலி, விரல் முட்டியில் சொந்தக் கம்பாலேயே அடி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது கம்பைப் பிடித்து இழுக்கும், மணல் கண்ணில் விழும். வாத்தியார் அந்த நாட்களில் வகுப்பை நிறுத்த மாட்டார், காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லித் தொடர்வார்.

"கையில் கம்பு இல்லாவிட்டால் என்ன செய்வாய்" என்று என்னிடமும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பு ஓரளவு படிந்த பிறகு குத்துவரிசை தொடங்கினோம். வெறுங்கைதான், ஆனால் முதல் மூன்று வாரத்தில் படித்த அதே காலடி. அப்போதுதான் அந்த மூன்று வாரம் எதற்கு என்று விளங்கியது.

14 மாதம் ஆகிறது. போன மாதம் படகுத்துறையில் ஈரப் பலகையில் வழுக்கினேன். யோசிக்கும் முன்னே இடது கால் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. கையில் இருந்த பில் புத்தகம்கூட விழவில்லை. சாதாரண விஷயம்தான். எனக்கு மட்டும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். பெயரைக் கேட்டுச் சேராதீர்கள். ஒரு நாள் போய் உட்கார்ந்து, அங்கே ஆகப் புதிதாக வந்திருக்கும் ஆளை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள்.

கீழக்கரையிலிருந்து

தங்கச்சி சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம், ஒன்றை மட்டும் கூடச் சேர்க்கிறேன். விழப் படியுங்கள்.

துபாயில் இருந்தபோது அறையில் கூட இருந்தவர் இழுத்துக்கொண்டு போனதால் ஜூடோ படித்தேன். ஜப்பானில் 1882-இல் ஜிகோரோ கானோ உருவாக்கியது. கராத்தேக்காரர்கள் இன்று கட்டும் வண்ண பெல்ட்டுக்கும் ஜூடோதான் வழிகாட்டி. நான் போன வகுப்பில் ஒரு மாதம் வேறு எதுவும் இல்லை. பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, உருண்டு எழு. நாடியை, அதாவது மோவாயை, நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், உள்ளங்கையும் முன்கையுமாகத் தரையை அறைய வேண்டும். தலை தரையில் படவே கூடாது. எட்டு வருஷத்துக்கு முன் படித்ததை உடம்பு மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் சறுக்கியது. தோள் உரிந்தது, தலை தப்பியது.

ஆனால் ஊருக்கு வந்ததும் ஜூடோவைத் தொடர வழி இல்லை. அதற்கு மெத்தை விரிப்பு வேண்டும். கடற்கரையில் மணல் இருக்கிறதே என்பார்கள். ஈர மணல் சிமெண்ட் மாதிரி, காய்ந்த மணலில் கால் மாட்டி முழங்கால் திருகிக்கொள்ளும். நானும் நண்பர்களும் முயற்சி செய்து, ஒருவருக்குத் தோள் இறங்கிய பிறகு விட்டுவிட்டோம்.

மகனைக் கராத்தேயில் சேர்த்திருக்கிறேன். காரணம் எளிது. அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கி மஃரிப் தொழுகைக்கு முன் முடிகிற வகுப்பு அது ஒன்றுதான். "வாப்பா, நான் ஒலிம்பிக் போவேன்" என்கிறான். கராத்தே டோக்கியோவில் ஒருமுறை இருந்தது, பாரிஸில் இல்லை, ஜூடோவும் டேக்வாண்டோவும் இருக்கின்றன என்று அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்று காட்டாவை, அதாவது வரிசையாகச் செய்கிற அடவுகளை, தனியாக மொட்டைமாடியில் செய்து பார்க்கிறான். ஆள் துணை இல்லாமலே பழகலாம் என்பது கராத்தேயில் எனக்குப் பிடித்தது.

சான்றிதழுக்காகப் பிள்ளையைச் சேர்க்கிறவர்கள் ஒன்றை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: எந்தச் சங்கத்தின் பெயரில் தருகிறீர்கள், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அதை ஏற்கிறதா என்று. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. ஆனால் சுவரில் மாட்டுகிற எல்லாத் தாளும் அங்கே செல்லாது. என் அக்கா மகன் ஐந்து வருஷம் சேர்த்த தாள்களில் ஒன்றுகூட உதவவில்லை. அவன் அழுததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து

அண்ணே, அக்கா, நான் குத்துச்சண்டை. வயது 24, விசைப்படகில் போகிறேன்.

கடல் தொழில் செய்கிறவர்கள் எப்போது சேர்வது என்பதையும் பார்க்க வேண்டும். நான் இரண்டு தடவை சேர்ந்து இரண்டு தடவையும் விட்டேன், ஏனென்றால் மீன்பாடு நல்லா இருந்த மாதத்தில் சேர்ந்தேன். ராத்திரி முழுக்க வலை இழுத்த தோளோடு அடுத்த நாள் கையைத் தூக்கவே முடியாது. மூன்றாவது தடவை ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய மறுநாளே சேர்ந்தேன். ஜூன் 14 வரை 61 நாள். அந்த இரண்டு மாதத்தில் உடம்பு படிந்துவிட்டது. அப்புறம் கடலுக்குப் போகாத நாட்களில் போனால் போதும்.

வலை இழுக்கிறவன்தானே, அடி பலமாக இருக்கும் என்று நினைத்தேன். பலம் இருந்தது, கால் இல்லை. படகு ஆடும்போது நாங்கள் காலை அகட்டி, பாதம் முழுக்கப் பதித்து நிற்போம். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழகியது. ரிங்கில் அப்படி நின்றால் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். "படகில் நிற்காதே தம்பி, குதிகாலைத் தூக்கு" என்று கோச் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். அதை மாற்றவே மூன்று மாதம் ஆனது.

முதலில் சேர்ந்த இடத்தில் நான்காவது நாளே என்னைவிட 15 கிலோ கூடுதலான ஒருவரோடு மோத விட்டார்கள். மூக்கு உடைந்தது. "இதுதான் ஆம்பளைப் பயிற்சி" என்றார்கள். அது பயிற்சியே இல்லை. இப்போது இருக்கிற இடத்தில் முதல் மாதம் கயிறு தாண்டுவதும் நிழலோடு குத்துவதும்தான். கையில் துணி சுற்றுவது எப்படி என்பதற்கே ஒரு முழு நாள். எடை பார்த்துத்தான் ஆளோடு விடுவார். அக்கா சொன்ன மாதிரி முதல் நாளே புது ஆளை நடத்துகிறதைப் பார்த்திருந்தால் என் மூக்கு நேராக இருந்திருக்கும்.

தொண்டியிலிருந்து

பிள்ளைகளா, நான் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறவன். வயது 58. என் அப்பாவிடம் படித்தது.

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே சுருள்வாளைக் கேட்கிறார்கள். போனில் பார்த்துவிட்டு வருகிறார்கள், ஆசை தப்பில்லை. நான் கம்பைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பேன். தரையில் ஊன்றினால் புருவத்துக்கு வர வேண்டும், அதுதான் அவனுக்கு உரிய அளவு. அண்ணன் கம்பைத் தம்பிக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம். உயரம் மீறிய கம்பு தரையைத் தட்டும், பிள்ளை அதற்கேற்றபடி முதுகை வளைத்துக்கொள்ளும், பிறகு அந்த வளைவு போகவே போகாது.

சிலம்பத்திலேயே இரண்டு பக்கம் உண்டு என்பதைச் சேரும் முன் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று அலங்காரமாகச் சுற்றுவது. திருவிழாவில், முளைப்பாரி ஊர்வலத்தில் பார்ப்பது அது. இன்னொன்று எதிராளியைத் தொடுவது, தொட்டால் புள்ளி. சில வகுப்புகளில் பத்து வருஷம் சுற்றியும் ஒருமுறைகூட எதிரே ஆளை நிறுத்தியிருக்க மாட்டார்கள். சுற்றுவது அழகு, உடம்புக்கும் நல்லது. தற்காப்புக்கென்று வருகிறவர்கள் மட்டும் "எத்தனை மாதத்தில் எதிரே ஆள் வைப்பீர்கள்" என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிற வாத்தியாரிடம் சேர வேண்டாம்.

பெண் பிள்ளைகள் விஷயம் எனக்கு மனதில் தைத்தது. 1730-இல் ராமநாதபுரத்தில் பிறந்த வேலு நாச்சியாரைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம், வாளும் கம்பும் பிடித்தவர் என்கிறோம். அதே மேடையில் கைதட்டியவர்கள் தங்கள் மகளை அனுப்பச் சொன்னால் "வெயிலில் கறுத்துவிடுவாள்" என்பார்கள். 20 வருஷத்துக்கு முன் என்னிடம் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. இப்போது 30 பேரில் 13 பேர். அதில் ஒருத்தி கராத்தேக்குப் போகிறேன் என்று தயங்கித் தயங்கி வந்து கேட்டாள். "போய்ப் படி தாயி" என்று அனுப்பினேன். ஒரு வருஷம் கழித்து வந்தாள். குத்துவரிசையில் அவள் கை முன்னைவிட நேராக இருந்தது. எதில் தொடங்கினாலும் அடுத்ததற்கு அது வீண்போகாது. ஒன்றில் சேர்ந்தால் மற்றதைத் தொடக் கூடாது என்று சொல்கிற ஆட்களை நான் நம்புவதில்லை.

மறுபடி மண்டபம் பக்கத்திலிருந்து

கீழக்கரை அண்ணன் விழுவதைப் பற்றி எழுதியதை வாத்தியாரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போனால், தோப்பின் ஓரத்தில் ஓடாத ஒரு விசைப்படகின் பழைய வலைகளைக் குவித்து, சிப்பி, ஓடு, ஈயக்குண்டு எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மேலே தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறார். முதலில் அவரே விழுந்து பார்த்தார். பிறகு புதுசாய் வந்த பையனைத் தோளைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தார்.

நான் நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பின்னால் விழுந்தேன். கை அறைந்த இடத்தில் எரிந்தது. மீன் வாசம் இன்னும் முடியில் இருக்கிறது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தால், நாங்கள் செய்கிறது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். கீழக்கரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்துவிடலாம்.